பாலின்பமும் தன்பதிவு முறையும்

பாலின்பத் தன்பதிவு என்பது, வயது வந்த ஒருவரோ ஒரு தம்பதியரோ தங்கள் பாலுறவு நிறைவு எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதைத் தொடர்ந்து குறித்து வைத்து, அதற்கான காரணங்களைச் சிறு மாற்றங்களின் மூலம் தாமே சோதித்து அறியும் முறையாகும். உணவு, உறக்கம், சர்க்கரை அளவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துப் பார்ப்பதைப் போன்றதே இதுவும். பலரைக் கேட்டுத் திரட்டும் ஆய்விலிருந்து இது வேறுபட்டது. ஆய்வு பொதுவாக மனிதர்களைப் பற்றிச் சொல்கிறது. தன்பதிவு எழுதியவரைப் பற்றி மட்டுமே சொல்கிறது.

பாலின்பத்தைப் பற்றிய அறிவு தமிழ்நாட்டில் பெரும்பாலும் நண்பர்களின் பேச்சு, திரைப்படம், இணையக் காணொளி, லேகிய விளம்பரம் ஆகியவற்றின் வழியாகவே கிடைக்கிறது. இதனால் இயல்பான ஏற்ற இறக்கத்தையும் நோய் என்று அஞ்சிப் பொருளை இழப்போர் உண்டு. குறையைச் சொல்லத் தயங்கிப் பல ஆண்டுகள் மௌனமாக இருப்போரும் உண்டு. இவ்விரு நிலைகளிலும் ஒழுங்கான குறிப்பு பயன்படும். தவறாகப் பயன்படுத்தினால் அதுவே தீங்காகவும் முடியும்.

மரபு நூல்களில்

பழந்தமிழ் மரபு இன்பத்தை வாழ்வின் உறுதிப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. திருக்குறளின் 1330 குறள்களில் 250 காமத்துப்பாலில் உள்ளன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை வகைப்படுத்துகிறது. வடமொழியில் வாத்சியாயனரின் காமசூத்திரம், பெண்ணின் இன்பமும் ஆணின் இன்பமும் ஒரே தன்மையுடையவையா என்பது பற்றி முன்னோர் கொண்டிருந்த மாறுபட்ட கருத்துகளை எடுத்துக்கூறி விவாதிக்கிறது.

இந்நூல்கள் கூர்ந்த கவனிப்பைக் காட்டுகின்றன. ஆயினும் எத்தனை பேரைக் கேட்டார்கள், எவ்வாறு கேட்டார்கள் என்ற கணக்கு அவற்றில் இல்லை. ஆண்களையும் பெண்களையும் சாதி வகைகளாகப் பிரித்து, இன்ன வகையினருக்கு இன்னது பொருந்தும் என்று கூறும் பிற்கால நூல்களும் கவனிப்பையும் கற்பனையையும் பிரித்துக் காட்டுவதில்லை. கேட்டு, எண்ணி, எழுதி, ஒப்பிடும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்கியது.

எண்ணத் தொடங்கிய கதை

அமெரிக்க மருத்துவர் கிளீலியா மோஷர் 1892இல் மாணவியாக இருந்தபோது திருமணமான பெண்களிடம் பாலுறவு பற்றிய வினாத்தாளைக் கொடுத்து விடைகளைத் திரட்டத் தொடங்கினார். 1920 வரை 45 பெண்களின் விடைகள் சேர்ந்தன. அவர் வாழ்ந்த காலத்தில் அவை அச்சேறவில்லை. 1973இல் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1980இல் வெளியாயின. அக்காலப் பெண்களுக்கு இவ்வின்பத்தில் நாட்டமே இல்லை என்று பரவலாகக் கூறப்பட்டதற்கு மாறாக, பலர் தங்கள் விருப்பத்தையும் நிறைவையும் அவ்விடைகளில் வெளிப்படையாக எழுதியிருந்தனர்.

தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டவர் பிரான்சு நாட்டு இளவரசி மேரி போனபார்ட். புணர்ச்சியின்போது தனக்கு உச்சநிலை ஏற்படாததன் காரணத்தை அறிய விரும்பிய அவர், 243 பெண்களின் உடல் அளவுகளையும் அவர்கள் கூறிய இன்ப அனுபவத்தையும் ஒப்பிட்டு 1924இல் நார்ஜானி என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். கிளிட்டோரிஸ் எனும் உணர்முனை உறுப்புக்கும் யோனித் துவாரத்துக்கும் இடையே உள்ள தொலைவு குறைவாக உள்ள பெண்களுக்குப் புணர்ச்சியில் உச்சநிலை எளிதாகக் கிடைக்கிறது என்பது அவர் முடிவு. 2011இல் அந்தத் தரவுகளை மீண்டும் ஆராய்ந்த வாலன், லாய்டு ஆகிய இருவரும் இத்தகைய தொடர்பு இருப்பதற்கு ஆதரவான முடிவையே கண்டனர்.

ஆனால் போனபார்ட் அந்த முடிவோடு நிற்கவில்லை. ஆஸ்திரிய அறுவை மருத்துவர் ஹால்பனைக் கொண்டு 1927 முதல் தன் உடலில் அந்தத் தொலைவைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஒரு முறை பயன் தராததால் மீண்டும் செய்துகொண்டார். விரும்பிய பலன் கிடைக்கவே இல்லை. பலரிடம் காணப்படும் ஒரு தொடர்பு, ஒருவரின் குறைக்கு அதுவே காரணம் என்று காட்டாது. அதை மாற்றினால் குறை தீரும் என்றும் காட்டாது. இத்துறையில் இன்றும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

அமெரிக்க உயிரியலாளர் ஆல்பிரட் கின்சியும் அவர் குழுவினரும் ஏறத்தாழ 18,000 பேரை நேரில் கண்டு கேட்டனர். ஆண்கள் பற்றிய நூல் 1948இலும், பெண்கள் பற்றிய நூல் 1953இலும் வெளியாயின. கேட்கப்பட்டவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பது அந்த ஆய்வின் முக்கியக் குறை. பின்னர் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் ஆகிய இருவரும் 382 பெண்கள், 312 ஆண்கள் ஆகியோரின் உடல் மாற்றங்களை ஆய்வகத்தில் கருவிகளால் அளந்து 1966இல் நூலாக வெளியிட்டனர். கிளர்ச்சி, நீடிப்பு, உச்சம், தணிவு என்ற நான்கு கட்டங்களை அவர்கள் வகுத்தனர்.

இந்தியாவில்

இந்தியாவில் இப்பொருளைப் பற்றித் துணிந்து எழுதியவர்களுள் முன்னவர் மும்பையின் ரகுநாத் தோண்டோ கார்வே. கணிதப் பேராசிரியரான அவர் 1927இல் சமாஜ் ஸ்வாஸ்த்ய என்ற மராத்தி மாத இதழைத் தொடங்கினார். குடும்பக் கட்டுப்பாட்டோடு, பெண்ணுக்கும் பாலின்பத்தில் உரிமை உண்டு என்று அவர் எழுதினார். ஆபாசக் குற்றச்சாட்டில் பலமுறை வழக்குகளைச் சந்தித்தார். 1934இல் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் அம்பேத்கர்.

அதே 1934இல் மும்பையில் மருத்துவர் ஏ. பி. பிள்ளை மேரேஜ் ஹைஜீன் என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1937இல் நின்ற அந்த இதழ் 1947இல் மீண்டும் வந்து, பின் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் செக்சாலஜி என்று பெயர் மாறியது. வெளிநாட்டு அறிஞர்கள் பலர் அதில் எழுதினர். ஜெர்மனியில் பிறந்த மருத்துவர் எர்னஸ்ட் கிராஃபன்பெர்க், பெண்களின் இன்ப உணர்வில் சிறுநீர்க்குழாய்ப் பகுதியின் பங்கு பற்றி எழுதிய கட்டுரை 1950இல் இந்த இதழில்தான் வெளியானது. 1980களின் தொடக்கத்தில் ஜி புள்ளி என்று உலகெங்கும் பேசப்பட்டதன் மூலம் மும்பையில் அச்சான அந்தக் கட்டுரையே. அப்படி ஒரு தனி உறுப்பு இருப்பதைப் பின்வந்த உடற்கூற்று ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உடலின் உள்ளே பரவியிருப்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998 முதல் வெளியிட்ட கட்டுரைகள் விளக்கின.

தமிழில் பொதுமக்களிடம் இப்பேச்சைக் கொண்டுசென்றவற்றுள் ஒன்று, மனநல மருத்துவர் மாத்ருபூதம் பங்கேற்ற புதிரா புனிதமா என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி.

சேலம், நாமக்கல் சமவெளியில்

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரம் லாரித் தொழிலுக்கும், ரிக் வண்டிகளுக்கும், விசைத்தறிக்கும் பெயர் பெற்றது. வீட்டை விட்டு நாள்கணக்கில் நெடுஞ்சாலையில் வாழும் ஓட்டுநர்களும் கிளீனர்களும் இங்கு மிகுதி. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் அமைக்கப்பட்டது. மாநிலத்தில் தொற்று அதிகம் காணப்பட்ட மாவட்டங்களுள் நாமக்கல்லும் ஒன்று. 1990களின் நடுப்பகுதி முதல் லாரி ஓட்டுநர், கிளீனர், பாலியல் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரிடம் நடத்தை ஆய்வுகள் நடத்தப்பட்டன. ஆணுறை பயன்படுத்துகிறார்களா, வாழ்க்கைத்துணை அல்லாதோருடன் உறவு உண்டா என்பன கேட்கப்பட்டன. இவ்விவரங்களைக் கொண்டு நடந்த தடுப்புப் பணிகள் பல உயிர்களைக் காத்தன.

இவ்வாறு மக்களின் பாலுறவு பற்றிய எண்கள் நோய்த் தடுப்புக்காகத் திரட்டப்பட்டன. அதற்கு முன்பும் பின்பும் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் திரட்டப்பட்டன. 1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்ப நல ஆய்வும் பிறப்பு, கருத்தடை, உடல்நலம் ஆகியவற்றையே முதன்மையாகக் கேட்கிறது. இன்பமும் நிறைவும் இவ்வகைக் கணக்கெடுப்புகளின் நோக்கமாக இருக்கவில்லை. எனவே இவ்வட்டாரத் தம்பதியரின் பாலியல் நிறைவு பற்றிக் கூறுவோர் பிற நாட்டு எண்களையே காட்ட வேண்டியுள்ளது.

கணக்கெடுப்பு பற்றிப் பேசுவதே வழக்கில் முடிந்த நிகழ்வும் இப்பகுதியோடு தொடர்புடையது. 2005இல் இந்தியா டுடே இதழ் நகர்ப்புறப் பெண்களின் பாலியல் வாழ்க்கை பற்றிய கருத்துக் கணிப்பை வெளியிட்டது. அதையொட்டி நடிகை குஷ்பு கூறிய கருத்துக்காக அவர் மீது 23 புகார் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் தொடுக்கப்பட்டவை. 2005 நவம்பரில் சேலம் மாவட்டம் மேட்டூர் நீதிமன்றத்தில் அவர் நேர்நின்று பிணை பெற்றார். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழக்குகள் அனைத்தையும் நீக்கியது. கருத்தைக் கூறியது குற்றமாகாது என்று அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

பாலின்பத்தைப் பாதிப்பவை

முடுக்கியும் தடையும்: கின்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பாங்கிராஃப்ட், எரிக் யான்சன் ஆகியோர் 1990களின் இறுதியில் இரட்டைக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை உருவாக்கினர். ஒரு வண்டியில் ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் இருப்பதைப் போல, மூளையில் பாலுணர்வைத் தூண்டும் அமைப்பும் அடக்கும் அமைப்பும் தனித்தனியே இயங்குகின்றன என்பது இதன் சாரம். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நகராது. கருத்தரிப்பு அச்சம், கடன் கவலை, பக்கத்து அறையில் பெரியவர்கள், கதவுக்குத் தாழ் இல்லாமை, மாலையில் நடந்த சண்டை ஆகியவை பிரேக்குகள். பெரும்பாலோர் தூண்டுதலைக் கூட்டவே முயல்கிறார்கள். தடையைக் குறைக்க நினைப்பதில்லை.

விருப்பம் எழும் முறை: கனடிய மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000இல் வெளியிட்ட கட்டுரையில், பல பெண்களுக்கு விருப்பம் முதலில் தானாக எழுவதில்லை என்றும், நெருக்கமும் இதமான தொடுகையும் தொடங்கிய பிறகே எழுகிறது என்றும் விளக்கினார். இது குறைபாடு அன்று. ஆயினும், விருப்பம் பின்னர் எழும் என்பதைக் காரணம் காட்டி, வேண்டாம் என்றவரை இணங்க வைக்க முயல்வது இக்கோட்பாட்டைத் திரிப்பதாகும்.

தொடுகையின் வகை: அமெரிக்காவில் 1,055 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், புணர்ச்சி மட்டுமே உச்சநிலைக்குப் போதும் என்றவர்கள் 18.4 விழுக்காட்டினர். புணர்ச்சியின்போது கிளிட்டோரிஸில் தொடுகை கட்டாயம் வேண்டும் என்றவர்கள் 36.6 விழுக்காட்டினர். அதே நாட்டில் 52,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட வேறோர் ஆய்வில், வழக்கமாகவோ எப்போதுமோ உச்சநிலை அடைவதாகக் கூறியவர்கள், ஆண் பெண் உறவில் உள்ள ஆண்களில் 95 விழுக்காட்டினர், பெண்களில் 65 விழுக்காட்டினர். பெண்களோடு உறவு கொள்ளும் பெண்களில் இது 86 விழுக்காடு. ஆகவே இந்த இடைவெளிக்குப் பெண்ணுடலின் இயல்பை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. என்ன செய்யப்படுகிறது, எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது என்பவையும் காரணங்கள்.

உடல்நலம்: உறக்கக் குறைவு, மது, புகை, கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், தைராய்டு கோளாறு, மகப்பேற்றுக்குப் பிந்தைய காலம், மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் வறட்சி, மனச்சோர்வு, மனச்சோர்வுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எடுக்கும் சில மருந்துகள் ஆகியவை நிறைவைக் குறைக்கக்கூடும்.

அச்சமும் தவறான நம்பிக்கையும்: விந்து வெளியேறுவதால் உடல் தேய்ந்துபோகும் என்ற அச்சம் தெற்காசியாவில் பரவலானது. இவ்வச்சத்தால் வரும் சோர்வு, உடல்வலி முதலியவற்றை மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் தாது நோய்க்குறி என்று பெயரிட்டு விளக்கினார். இங்கு விந்து இழப்பால் உடலுக்குக் கேடு நேர்வதில்லை. அச்சமே வாட்டுகிறது.

தன்பதிவு செய்யும் முறை

இம்முறையை லாரியின் மைலேஜ் கணக்கைக் கொண்டு எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஒரு நடைக்கு டீசல் கூடுதலாகப் பிடித்தால், அனுபவமுள்ள உரிமையாளர் உடனே இன்ஜினைப் பிரிக்கச் சொல்வதில்லை. லோடு எவ்வளவு, பாதையில் மலையேற்றம் உண்டா, டயரில் காற்று சரியாக இருந்ததா, ஓட்டியவர் யார் என்று பார்ப்பார். பல நடைகளின் கணக்கை ஒப்பிட்ட பிறகே முடிவு செய்வார். பாலின்பப் பதிவிலும் வரிசை இதுவே.

1. ஒப்புதல்: தம்பதியர் இருவரும் மனமுவந்து சம்மதித்தால் மட்டுமே தொடங்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் அவரைப் பற்றி எழுதக்கூடாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

2. அடிப்படைக் காலம்: முதல் 4 வாரங்களில் எதையும் மாற்றாமல், உள்ளதை உள்ளபடி குறிக்க வேண்டும். இது இல்லாவிட்டால் பின்னர் ஒப்பிட எதுவும் இராது.

3. கட்டங்கள்: நாள், முந்தைய இரவு உறங்கிய நேரம், அன்றைய களைப்பு, மன நெருக்கடி, மது, மாதவிடாய்ச் சுழற்சியின் நாள், தனிமை கிடைத்ததா, வலி இருந்ததா, நிறைவு 1 முதல் 5 வரை. இதற்கு மேல் கட்டங்கள் போட்டால் இரண்டாம் வாரமே குறிப்பு நின்றுபோகும். நிறைவு என்பது உச்சநிலை மட்டும் அன்று. நெருக்கம், மன அமைதி ஆகியவையும் அதில் அடங்கும்.

4. தனித்தனி மதிப்பு: இருவரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல், மறுநாள் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதைப் பார்த்தால் மற்றவர் மனம் நோகக்கூடாது என்று எண்ணைக் கூட்டிப் போடுவார்.

5. ஒரே ஒரு மாற்றம்: அடுத்த 4 வாரங்களுக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

6. திரும்பிப் பார்த்தல்: மாற்றத்தை நீக்கிவிட்டு மீண்டும் சில வாரங்கள் குறித்தால், கிடைத்த பலன் அந்த மாற்றத்தால் வந்ததா என்பது ஓரளவு தெளிவாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனைக் கணக்கு. சங்ககிரி பகுதியில் ஒரு விசைத்தறித் தொழிலாளிக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் இரவு ஷிப்ட். வயது 38. சில மாதங்களாக நிறைவு இல்லை. ஆண்மை குறைந்துவிட்டது என்று அஞ்சி, லாட்ஜில் முகாம் போட்ட ஒருவரிடம் லேகியம் வாங்குகிறார். உண்ணத் தொடங்கிய வாரமே நல்ல மாற்றம் தெரிகிறது. மேலும் 3 மாதத்துக்கு வாங்க முடிவு செய்கிறார்.

அதற்கு முன் கணவனும் மனைவியும் 8 வாரம் குறிப்பு எழுதுகிறார்கள். மொத்தம் 16 பதிவுகள். கணவரின் மதிப்பு, இரவு ஷிப்ட் வாரங்களின் 7 பதிவுகளில் சராசரி 2.3, பகல் ஷிப்ட் வாரங்களின் 9 பதிவுகளில் 3.8. லேகியம் உண்ணத் தொடங்கியது ஒரு பகல் ஷிப்ட் வாரத்தில். அடுத்து வந்த இரவு ஷிப்ட் வாரத்தில், லேகியம் உண்டும் எண் மீண்டும் இறங்கியது. எண் ஏறியதும் இறங்கியதும் ஷிப்டைப் பின்பற்றியே இருந்தன.

மனைவியின் எண்களில் ஷிப்டால் வேறுபாடு இல்லை. இரவுச் சமையல் வேலையைக் கணவர் பகிர்ந்து, குழந்தை முன்னதாகவே பாட்டியிடம் உறங்கிய 6 நாள்களில் சராசரி 4. மற்ற 10 நாள்களில் 2.2. தன் நிறைவு எதில் அடங்கியிருக்கிறது என்பதை அவர் அதுவரை கணவரிடம் சொன்னதில்லை. கணவர் கேட்டதும் இல்லை. நோட்டில் இருந்த எண்கள் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தன. ஒரே வீட்டில், ஒரே உறவில், இருவரின் நிறைவையும் பாதித்த காரணங்கள் வெவ்வேறாக இருந்தன என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

இந்தக் கணக்கிலும் ஐயத்துக்கு இடம் உண்டு. 16 பதிவுகள் மிகக் குறைவு. வேலையைப் பகிர்ந்த நாள்களில் இருவருக்கும் இடையே ஏற்கெனவே இணக்கம் இருந்திருக்கலாம். எனவே இதை முடிவாகக் கொள்ளாமல், அடுத்து எதை மாற்றிப் பார்க்கலாம் என்பதற்கான குறிப்பாகவே கொள்ள வேண்டும்.

தவறுகளும் வரம்புகளும்

சராசரிக்குத் திரும்புதல்: மிக மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம் எதுவும் செய்யாமலேயே பெரும்பாலும் சற்று மேம்படும். மோசமான வாரத்தில்தான் மருந்து வாங்கத் தோன்றும். ஆகவே வாங்கிய மருந்துக்கெல்லாம் புகழ் கிடைத்துவிடுகிறது.

நம்பிக்கை விளைவு: பலன் தரும் என்று நம்பிச் செய்வது சில நாள் பலன் தருவதாகவே தோன்றும்.

எண்ணிக்கையை இலக்காக்குதல்: 2015இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 64 தம்பதியரில் ஒரு பகுதியினரிடம் பாலுறவை இரு மடங்காக்குமாறு கூறி 3 மாதம் கவனித்தனர். எண்ணிக்கையைக் கூட்டியவர்களின் மகிழ்ச்சி கூடவில்லை. சற்றுக் குறையவே செய்தது. தாமாக விரும்பிச் செய்தது கடமையாக மாறியது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

தன்னைத்தானே வேடிக்கை பார்த்தல்: உறவின்போதே எப்படிச் செய்கிறோம் என்று வெளியில் நின்று பார்ப்பதைப் போல மதிப்பிட்டுக்கொண்டிருப்பது நிறைவைக் கெடுக்கும் என்பதை மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் எடுத்துக்காட்டினர். மதிப்பெண் போடும் பழக்கம் இதைத் தூண்டக்கூடும். நோட்டு தேர்வுத்தாளாக மாறுகிறது என்று தோன்றினால் அதை மூடிவைத்துவிடுவதே சரியானது. 8 முதல் 12 வாரங்களுக்கு மேல் தொடரத் தேவையும் இல்லை.

பிறரோடு ஒப்பிடுதல்: ஆய்வுகளின் சராசரி எண் எவருக்கும் இலக்கு அன்று. ஒருவர் தம் எண்ணைத் தம் பழைய எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

அந்தரங்கமும் சட்டமும்

பதிவை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2011இல் உடற்பயிற்சியைக் கணக்கிடும் ஃபிட்பிட் கருவியின் பயனர்கள் சிலர் குறித்து வைத்திருந்த பாலுறவு விவரங்கள் கூகுள் தேடலில் வெளிப்பட்டன. வீ-வைப் என்ற பாலின்பக் கருவியின் செயலி, பயனர் விவரங்களைத் திரட்டியதற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு 2017இல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. மாதவிடாய்க் கணக்குச் செயலியான ஃப்ளோ, பயனர்களின் விவரங்களைப் பிற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக எழுந்த புகாரில் 2021இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. பூட்டிய பெட்டியில் உள்ள நோட்டே இதற்குப் பாதுகாப்பானது. அதிலும் பெயர் எழுதாமல், இருவருக்கு மட்டும் புரியும் குறிகளால் எழுதலாம். முடிந்ததும் கிழித்துவிடலாம்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவரின் ஒப்புதல் இன்றி அவரது அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் திருமண உறவுக்குள் நடக்கும் பாலியல் கொடுமையையும் வன்முறையாகக் கருதுகிறது. இத்தகைய இன்னலில் உள்ள பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம். 18 வயது நிறையாதவரோடு பாலுறவு கொள்வது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். சிறுவர் சம்மதித்தார் என்பது அங்கே விடையாகாது.

பாலின்பத் திறனைக் கூட்டுவதாகக் கூறி மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. இத்தகைய விளம்பரங்களை நம்பி வாங்கும் பொடிகளிலும் லேகியங்களிலும் என்ன கலந்துள்ளது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவருக்கு அவை ஆபத்தாகவும் முடியலாம்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

தன்பதிவு மருத்துவத்துக்கு மாற்று அன்று. உறவின்போது தொடர்ந்து வலி, இரத்தக் கசிவு, புண், துர்நாற்றம் ஆகியவை இருந்தால் குறிப்பு எழுதிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆண்களுக்குத் தொடரும் விறைப்புக் குறைபாடு, சர்க்கரை நோய் அல்லது இதய இரத்தக்குழாய் நோயின் முன்னறிகுறியாக இருக்கலாம். ஏதேனும் மருந்து தொடங்கிய பிறகு நாட்டம் குறைந்ததாகக் குறிப்பு காட்டினால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முன்பு நேர்ந்த வன்கொடுமையின் நினைவு உறவில் குறுக்கிட்டால் மனநல ஆலோசனை உதவும்.

பாலியல் குறைகளை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் பலர், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமலேயே மருத்துவரிடமிருந்து திரும்பிவிடுகின்றனர். எப்போது தொடங்கியது, எந்த நாள்களில் கூடுகிறது, என்ன மருந்து உண்டார், எவ்வளவு உறங்கினார் என்று எழுதப்பட்ட ஒரே ஒரு தாள் மருத்துவரின் முன் இருந்தால், அங்கிருந்தே உரையாடலைத் தொடங்க முடியும்.